பஸ்ஸில் பேசுகிற குரல்

திங்கள்
காலையிலிருந்து மழை. தொண்டை கரகரப்பு. கொத்தமல்லி அவித்துக் குடித்தும் பயனில்லை.

வெள்ளிக்கிழமை டைரக்டர்கள் முன்னால் பேச வேண்டும். பெட்டி ஒட்டும் புதிய மெஷின் கம்பெனிக்கு ஏன் வேண்டும் என்று, இங்கிலீஷில். நன்றாகப் பேசுபவருக்கு உதவி மேனேஜர் பதவி. போட்டி எனக்கும் கொழும்பிலிருந்து வந்த ருவனுக்கும். போன தடவை எனக்குத் தராததற்குச் சொன்ன காரணம்: வேலை தெரியும், பேச்சில் தைரியம் இல்லை. இத்தனை வருட உழைப்புக்கு அந்த ஒரு வரி. இன்னும் எரிகிறது.

வாங்க வேண்டியவை: தேன், ஊக்கு, மகள் பள்ளிக்கூடம் போட்டுப் போக வெள்ளைச் சப்பாத்து.

செவ்வாய்
பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு மிஸ். நான் பேசியதை போனில் பதிந்து போட்டுக் காட்டினார். தொடக்கம் சரி. ஒவ்வொரு வசனமும் முடியும்போது குரல் இறங்கி அணைந்துவிடுகிறது. கேட்கச் சகிக்கவில்லை. மிஸ் சொன்னது: வயிற்றிலிருந்து மூச்சு, கடைசிச் சொல்வரை. அவசரமில்லாத நிறுத்தம். கடைசி வரிசைக் கதிரையைப் பார்த்துப் பேச்சு. சொல்லச் சுலபம்.

பயிற்சி முடிந்து பல்லேகலயிலிருந்து வீடு வர இருட்டிவிட்டது. சோறு வடிக்கத் தெம்பில்லை. கடையில் வாங்கிய பாண்தான் சாப்பாடு.

புதன்
மழை விட்டது. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பயிற்சி. வெளியே இவர்: "என்ன, பஸ்ல எங்கிட்ட பேசுற மாதிரியே பேசுற?"

கோபம் வந்தது. பிறகு யோசித்தேன். உண்மைதான். சின்ன வயதில் தெல்தோட்டை பஸ்ஸில் அப்பா என் கையை அழுத்துவார். "தமிழ்ல சத்தமாப் பேசாத புள்ள. எறங்கினதும் சொல்லு." தமிழரைத் தேடித் தேடி அடித்த கலவரத்துக்குப் பிந்திய வருடங்கள். அவரைக் குறை சொல்ல முடியாது. பஸ்ஸில் இன்றைக்கும் அப்படித்தான் பேசுகிறேன். இங்கிலீஷுக்கும் அதே குரல் ஒட்டிக்கொண்டது.

இட்லி மா புளித்துவிட்டது.

வியாழன்
தலைவலி. ஒரு தடவைகூடப் பேசிப் பார்க்கவில்லை. சேலை அயர்ன் பண்ணியாயிற்று. ருவனே எடுத்துக்கொள்ளட்டும் என்றிருக்கிறது.

வெள்ளி
வெயில். மைக் வேலை செய்யவில்லை. எனக்கென்று வந்து வாய்க்கும். மூன்றாம் வசனத்திலேயே குரல் இறங்கியது. கடைசிக் கதிரையில் இருந்த பெரிய டைரக்டர் காதைச் சாய்த்தார். நிறுத்தினேன். மூச்சு. அதே வசனத்தை முதலிலிருந்து, கடைசிச் சொல்வரை. அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு முடியும்வரை அவரைப் பார்த்தே பேசினேன்.

பின்னேரம் கூப்பிட்டு முடிவைச் சொன்னார்கள்.

பஸ்ஸில் நெரிசல். இவரிடமிருந்து போன். "என்னாச்சு?" சொன்னேன். "கேக்கலயே." வாயைக் கையால் மறைத்துக்கொண்டு மறுபடி சொன்னேன். "என்னது? சத்தமாச் சொல்லு புள்ள!"

"கெடைச்சிருச்சுங்க! எனக்குத்தான்!"

பஸ் முழுக்கக் கேட்டிருக்கும். ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை.