காங்கிரிகேஷனுக்குள் அரைப் பிரியாணி

ஆஸ்டின் டவுன்,
பெங்களூர்,
10-9-1998

அன்புள்ள ஐரினுக்கு அம்மா முத்தங்களுடன் எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே எல்லாரும் சௌக்கியம், என் இடது முழங்கால் மட்டும் தனிக்கட்சி. மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளை அபினவும் வயிற்றில் இருக்கும் சின்ன ஆளும் சுகமாக இருக்க தினமும் ஜெபமாலை சொல்கிறேன், டிவியில் சீரியல் ஆரம்பித்துவிட்டால் கொஞ்சம் வேகமாகச் சொல்கிறேன், அவ்வளவுதான். ஏழாம் மாசம் நடக்கிறது, இரும்புச் சத்து மாத்திரையை ஜன்னல் வழியாக வீசாமல் விழுங்கு, சின்ன வயசில் நீ வீசியதெல்லாம் எனக்குத் தெரியும்.

உன் கடிதம் வந்தது. நான் சத்தமாகப் படிக்க, உன் அப்பா பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு கேட்காத மாதிரி கேட்டார், அரை மணி நேரம் ஒரே பக்கம், அதுவும் டெண்டர் விளம்பரம். நீ ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் செய்துகொண்டு பதினாலு மாசம் ஆகிறது, இந்த மனுஷன் உன்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நீ பூத்துக்குப் போன் செய்து பூத்துக்கார முனிராஜ் வந்து கூப்பிடும்போதெல்லாம் குளிக்கப் போய்விடுகிறார், பெங்களூரிலேயே இவ்வளவு சுத்தமான ஆள் கிடையாது. குழந்தை பிறந்த பிறகும் இப்படியே குளித்துக்கொண்டிருந்தால் என்ன ஆவது என்றுதான் எனக்குப் பயம். அதனால் ஒரு காரியம் செய்தேன், திட்டாமல் படி.

மாதா திருநாளுக்கு முந்தின ஞாயிறு கோயில் ஹாலில் வார்த்தைப் போட்டி நடக்குமே, அதுதான். மாப்பிள்ளைக்குத் தெரியாது, சொல்லிக் கொடு. போர்டில் ஒரு நீளமான இங்கிலீஷ் வார்த்தை எழுதிப் போடுவார்கள், அதில் இருக்கும் எழுத்துக்களை மட்டும் வைத்து நாற்பது நிமிஷத்தில் எத்தனை வார்த்தை கட்டுகிறோமோ அத்தனை மார்க், நாலு எழுத்துக்குக் குறைந்தால் செல்லாது. பதினோரு வருஷமாக உன் அப்பாதான் ஜெயிக்கிறார், பரிசாக வந்த பதினோரு டிபன் கேரியர் பரணில் இருக்கிறது. இந்த வருஷம் நானும் பேர் கொடுக்கிறேன் என்றதும் சிரித்த சிரிப்பில் அவருக்கு இட்லி புரை ஏறிவிட்டது. முதுகில் இரண்டு தட்டு தட்டிவிட்டு, நான் ஜெயித்தால் ஐரினோடு போனில் பேசுவீர்களா என்று கேட்டேன். "நீ ஜெயிச்சா பேசறேன், போ. டிக்ஷனரியைத் தூக்கிப் பாரு முதல்ல, தோள்பட்டை கழண்டுடும்" என்றார்.

அவருக்குத் தெரியாத சங்கதி, வார்த்தையைத் தேர்ந்தெடுத்ததே நான். கோயில் ஆபீஸில் டைப் அடிக்கிறவள் நான்தானே, பங்குச் சாமியார் ஒழுகுகிற கூரையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார், நீயே ஏதாவது ஒரு வார்த்தை போட்டு உறையில் ஒட்டி வைம்மா என்றார். பூசைக்குக் கூடும் சனத்தைச் சொல்வார்களே, காங்கிரிகேஷன் (CONGREGATION), அதைப் போட்டு ஒட்டினேன். மூன்று வாரம் அரிசி களையும்போதும் பஸ்ஸிலும் ஏன் பிரசங்கத்தின்போதும்கூட அதையே பிய்த்துக்கொண்டிருந்தேன். ரைஸ், ஆனியன், ஜிஞ்சர், ஆட்டுக்கு ஒரு கோட், சாப்பாட்டுக்குப் பிறகு தின்ன ஆரஞ்சு, அரைப் பிரியாணிக்குச் சாமான் அதற்குள்ளேயே இருக்கிறது. என் பெயரும் இருக்கிறது, ஆனால் ஆட்பெயர் செல்லாதாம், முப்பத்தோரு வருஷமாக இந்த வீட்டிலும் அதே சட்டம்தான். போட்டி அன்றைக்கு எனக்கு எழுபத்து மூன்று, உன் அப்பாவுக்கு ஐம்பத்தெட்டு. திருத்திய டோரதி டீச்சர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மூன்று தரம் எண்ணினாள். அவளுக்கு என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

அன்றைக்குச் சாயங்காலமே பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டேன். சாமியார் சிரிப்பை அடக்க இருமினார், பிறகு குரலைக் கனமாக்கிக்கொண்டு பத்து அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார், டிபன் கேரியரைத் திருப்பித் தரச் சொன்னார். தந்துவிட்டேன். பந்தயத்தைத் திருப்பித் தரச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இனிமேல்தான் விஷயம். மறுநாள் டோரதி எல்லார் தாளையும் ஆபீஸில் வைத்துவிட்டுப் போனாள், உன் அப்பா தாளை எடுத்துப் பார்த்தேன். ட்ரெயின் இல்லை, ரெயின் இல்லை, ஓஷன், நேஷன் ஒன்றும் இல்லை, மூன்றாம் கிளாஸ் பிள்ளைக்கு வருகிற வார்த்தைகள். முதல் பக்கம் முத்து முத்தாக நிரம்பியிருக்கிறது, பின்பக்கம் சுத்த வெள்ளை. கடைசி கால் மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்று டோரதியும் சொன்னாள். வீட்டுக்கு வந்து இதென்ன கூத்து என்று கேட்டேன். ஷேவ் செய்துகொண்டே, என்னைத் திரும்பிப் பார்க்காமல், பேனாவில் ரீஃபில் தீர்ந்துபோச்சு என்றார். நான் ஜெயிக்கத் திருட்டுத்தனம் செய்தேன், இவர் தோற்கத் திருட்டுத்தனம் செய்திருக்கிறார், அதற்கு எந்தச் சாமியாரிடமும் போகவில்லை. எனக்கு முதலில் கோபம்தான் வந்தது, மூன்று வாரத் தூக்கம் போச்சே என்று. அப்புறம் அடுப்படிக்குப் போய் அழுதேன்.

இருபத்தேழாம் தேதி ஞாயிறு, நம்ம நேரம் சாயங்காலம் ஆறு மணி, உன் அப்பா முனிராஜ் பூத்திலிருந்து பேசுவார். அதற்குள் இந்தக் கடிதம் வந்துவிடும் என்றுதான் அந்தத் தேதி வைத்தேன். வெயில் எப்படி, தண்ணீர் வருகிறதா என்று சம்பந்தமில்லாமல் கேட்பார், சண்டைக்குப் போகாமல் பதில் சொல்லு. உனக்கு எழுதியதை அவரிடம் காட்டிக்கொள்ளாதே. மாப்பிள்ளையைப் பக்கத்திலேயே நிற்கச் சொல், போனை அவரிடம் கொடு என்று கேட்டாலும் கேட்பார்.

ஆண்டவர் உங்கள் மூன்று பேரையும் காப்பாராக, மாதா துணை இருப்பாளாக. மாத்திரையை மறக்காதே.

உன் அம்மா,
நோரா

பி.கு: ரீஃபில் தீர்ந்துபோன அந்தப் பேனாவை அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்துத்தான் இந்தக் கடிதம் முழுக்க எழுதினேன். நாலு பக்கம் ஆச்சு, இன்னும் எழுதுகிறது.