பத்துக்கு ஆறு

புதன், 12 மார்ச். மாசாய். காலையிலிருந்து மழை.

டாக்டரிடம் சொல்ல வேண்டியவை:
1. மனைவி சரோஜா குடிப்பது பாதிக் கஞ்சிதான்.
2. பக்கவாதம் வந்து ஒரு மாதம். பேச்சு வரவில்லை. இடது கையால் பென்சில் பிடிக்கிறாள்.
3. நினைவு குறைகிறது. நாட்டு வரைபடம் வரைந்தாள். நடுவிலுள்ள கடலை மறந்துவிட்டாள்.

படத்தில் ஊர்ப் பெயர் இல்லை, எல்லை இல்லை. இடப்பக்கம் தீபகற்பம் போல ஒரு கறுப்புத் திட்டு. வலப்பக்கம் சபா, சரவாக் போல இன்னொன்று. இடையே கடல் இருக்க வேண்டிய இடமெல்லாம் கோடுகள். தாள் கிழியும் அழுத்தம்.

மாலையில் அந்தக் கோடுகளை அழித்தேன். முப்பது வருடம் புவியியல் வாத்தியார். மூலையில் சிவப்புப் பேனாவால் 6/10 போட்டுவிட்டேன். விளையாட்டுக்குத்தான். விளையாட்டுக்கா? தெரியவில்லை. சரோஜா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வியாழன், 13. வெயில். வாங்க: டயப்பர், பால் மாவு, குழாய் வாஷர்.

சரோஜாவுக்கு உடம்பு துடைக்க வந்த பக்கத்து வீட்டுப் பார்வதி படத்தைப் பார்த்தாள்.

"மார்க்கு வேற போட்டீங்களா? அலமாக். பெஞ்சன் வாங்கியும் விடமாட்டீங்க போல சார்."

பிறகு மெதுவாக, "மீனாவுக்குச் சொல்லிட்டீங்களா?"

இல்லை. மகள் கடல் தாண்டி சபாவில், கோத்தா கினபாலுவில். அங்கே ஒரு கடசான் இனப் பையனைக் கட்டிக்கொண்டதிலிருந்து, ஒன்பது வருடமாக, நான் பேசவில்லை. நான் குளிக்கும் நேரம் பார்த்து சரோஜா அவளுடன் போனில் பேசுவாள். எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். இப்போது சரோஜாவின் போன் தினமும் அடிக்கிறது, மீனாதான். எடுக்கத் தைரியமில்லை. எடுத்து என்ன சொல்வது?

சரோஜாவுக்குப் புதுத் தாள் கொடுத்தேன். பென்சிலைக் கீழே போட்டாள்.

சனி, 15. மேகமூட்டம். காலைக் கஞ்சி கொடுக்கும்போது மறுபடி பக்கவாதம். ஆஸ்பத்திரி. கண் திறக்கவில்லை. பார்வதிதான் மீனாவைக் கூப்பிட்டாள். நான் வராந்தாவில் நின்றேன். வாஷர் வாங்கவில்லை.

ஞாயிறு, 16. சரோஜா காலை 7.10க்குப் போய்விட்டாள். மீனா பகல் விமானத்தில் வந்தாள். தனியாக.

மாலையில் படத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தாள். அழித்த இடத்தில் பென்சில் பள்ளங்கள். விரல் வைத்துத் தடவிப் பார்த்தாள். எல்லாக் கோடுகளும் தீபகற்பத்தின் அடிநுனியில், மாசாய் பக்கம், தொடங்கி சபாவின் மேல் விளிம்பில் முடிந்தன. ஒன்றுகூட வேறெங்கும் போகவில்லை.

"இது நம்ம வீடு. இது என் வீடு," என்றாள். "யாருப்பா அழிச்சது?"

ஒன்பது வருடத்தில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. மூலையில் இருப்பது என் கையெழுத்து.

டாக்டருக்கான பட்டியலில் எண் 3 தவறு.