ஒரே பெண், இரண்டு விண்ணப்பம்

மே 10, சனி

வாண்டுவின் அப்பாவுக்கு,

இங்கே இருவரும் நலம். நீங்கள் நலமா என்று கேட்டால் "ம்" என்பீர்கள், ஆகவே கேட்கவில்லை.

போனில் பேசினால் நான் கத்துவேன், நீங்கள் பேச மாட்டீர்கள், கடைசியில் லைன் இருக்கிறதா போய்விட்டதா என்று தெரியாமல் நான் "ஹலோ ஹலோ" என்பேன். தனித்தனி வீடாகி மூன்று வருஷம் இந்தக் கூத்து நடந்தது போதும். இனி எதுவானாலும் எழுதி, மாதம் இரண்டு சனிக்கிழமை உங்களிடம் வரும் மகளின் பையில் போட்டு அனுப்புகிறேன். ஞாயிறு மாலை அவள் திரும்பும்போது பதிலைக் கொடுத்துவிடுங்கள். உறையை ஒட்டியிருக்கிறேன். ஒட்டாவிட்டாலும் பிரிக்க மாட்டாள், அந்த விஷயத்தில் உங்களைப் போலக் கமுக்கம்.

பள்ளி இறுதித் தேர்வு முடிவு வந்துவிட்டது. வாண்டுவின் மதிப்பெண்ணைக் கேட்டு அக்கம்பக்கத்தார் மூக்கின் மேல் விரல் வைக்கிறார்கள். இதற்கு எந்தத் தொழில்நுட்பப் படிப்பும் கிடைக்கும். ஆனால், "அப்பா ஆர்ட்ஸ் எடுக்கச் சொல்றாரும்மா" என்கிறாள். மின்நிலையத்தில் இருபத்திரண்டு வருஷமாக டர்பைனோடு மல்லுக்கட்டுகிற மனிதருக்கு இந்த ஆசை எங்கிருந்து வந்தது?

ஆர்ட்ஸ் படித்தவள் நான். வரலாற்றில் முதல் வகுப்பு. பதினான்கு நேர்முகத் தேர்வுகளுக்குப் போனேன். ஒன்றில், "ஹிஸ்டரி படிச்சிருக்கீங்க. எங்க கம்பெனியில எதைத் தோண்டப் போறீங்க?" என்று நடுவில் இருந்தவர் கேட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன் பாருங்கள், அதுதான் இன்றுவரை ஆறவில்லை. அதே வருஷம் பாலிடெக்னிக் முடித்தவர்களைக் கம்பெனிகள் கல்லூரி வாசலுக்கே வந்து கூட்டிப் போயின. நான் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிறேன். பக்கத்துக் கவுண்டர்க்காரி பள்ளிக்கூடத்தையே முடிக்காதவள், என்னைவிட வேகமாகக் கொடுக்கிறாள்.

என் மகளுக்கு இது வேண்டாம். உங்கள் நிலையத்தில் குடும்பத்தாரை உள்ளே விடும் நாள் வருகிறதாமே. கூட்டிப் போய்க் காட்டுங்கள். நேரில் பார்த்தால் மனம் மாறுவாள்.

வாண்டுவின் அம்மா

---

மே 11, ஞாயிறு

வாண்டுவின் அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நலம். கூட்டிப் போகிறேன். ஆர்ட்ஸ்தான் நல்லது. காரணம் இருக்கிறது.

வாண்டுவின் அப்பா

---

மே 24, சனி

வாண்டுவின் அப்பாவுக்கு,

கடிதம் எழுதச் சொன்னால் தந்தி அடிக்கிறீர்கள். ஒன்பது வார்த்தை. எண்ணினேன்.

நான் உங்களை விட்டு வந்தது குடியாலா, அடியாலா? ஒன்றும் இல்லை. பதினைந்து வருஷம் கேள்வியும் நானே, பதிலும் நானே. என்ன சமைக்கட்டும், உடம்புக்கு என்ன, என்மேல் என்ன கோபம், எல்லாவற்றுக்கும் ஒரே "ம்". சுவரோடு பேசினால்கூட எதிரொலி கேட்கும்.

காரணம் இருக்கிறது என்று எழுதினீர்களே, அதை எழுதினால் கை தேய்ந்துவிடுமா? இன்று மதியம் அவளை நிலையத்துக்குக் கூட்டிப் போகிறீர்களாம். நல்லது. போன செவ்வாய் நானும் அவளை என் கவுண்டரில் பக்கத்தில் உட்காரவைத்தேன். பட்டம் வாங்கிய அம்மா நாள் முழுக்க என்ன செய்கிறாள் என்று பார்க்கட்டும், கொஞ்சம் பயப்படட்டும் என்றுதான்.

பதிலில் பத்து வார்த்தைக்குக் குறையக் கூடாது.

வாண்டுவின் அம்மா

---

மே 25, ஞாயிறு

வாண்டுவின் அம்மாவுக்கு,

இது நான்காவது தாள். மூன்றைக் கிழித்துவிட்டேன். "என்ன நடந்துச்சோ அதை வரிசையா எழுதுங்கப்பா, அழகா எல்லாம் எழுத வேணாம்" என்று வாண்டு சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போயிருக்கிறாள்.

நேற்று அவளைக் கூட்டிப் போனது பயமுறுத்தத்தான். சூடு, எண்ணெய், இரைச்சல், இதையெல்லாம் பார்த்தால் ஓடிவிடுவாள் என்று நினைத்தேன். முதல் மெஷினைப் பழுதுபார்ப்பதற்காகப் பிரித்திருக்கிறோம். உள்ளே சுற்றுகிற தண்டு நாற்பது டன். ரோட்டார் என்போம். உடம்பெல்லாம் எஃகு இதழ்கள். அந்த இதழ்களுக்கும் சுற்றியுள்ள கூட்டுக்கும் நடுவே நகக்கனம்தான் இடைவெளி. நேற்று கிரேன் அதை வெளியே எடுத்தது. எங்கேயாவது உரசினால் அவ்வளவுதான். எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அது ஒரு பூ மலர்கிற வேகத்தில் மேலே வந்தது. வாண்டு திறந்த வாயை மூடவில்லை.

பிறகு ஓடிக்கொண்டிருக்கும் இரண்டாவது மெஷினுக்குப் போனோம். சுற்றுகிற தண்டைத் தாங்கும் பேரிங் கூட்டின் மேல் ஓர் இரும்புக் கம்பியை நட்டுவைத்து, அதன் மறுமுனையில் காதை வைத்தால் உள்ளே நடப்பது கேட்கும். கேட்டுச் சொல் என்றேன். ரொம்ப நேரம் கண்ணை மூடிக்கொண்டு இருந்தாள். பிறகு, "ஏகப்பட்ட பேர் சேர்ந்து ஒரே பேரை விடாம சொல்லிட்டே இருக்காங்கப்பா. நடுவுல ஒருத்தருக்கு மட்டும் இருமல்" என்றாள்.

அந்த இருமலை ஒரு வாரமாக நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். அதற்கு என்ன பெயர் வைப்பது என்று தெரியாமல் குறிப்பேட்டில் எழுதாமல் விட்டிருந்தேன்.

காரணம் கேட்டாய். ஆறு வருஷத்துக்கு முன்னால் இதே போல ஒரு பேரிங்கில் ஏதோ கேட்டது. "சத்தம் சரியில்லை" என்று எழுதினேன். "எப்படிச் சரியில்லை?" என்றார் அப்போதிருந்த மேலதிகாரி. நின்றேன். "எப்போதிலிருந்து? எதைப் போல?" நின்றேன். ஒன்பதாம் நாள் பேரிங் உருகி மெஷின் நின்றுவிட்டது. அது ஏன் நின்றது என்று நான்கு பக்கம் அழகாக எழுதிக் கொடுத்தவர் இன்று எனக்கு மேலதிகாரி. நல்ல மனிதர்தான். அவருக்கு மெஷினின் சத்தத்தைக் கேட்கத் தெரியாது, எழுதத் தெரியும்.

தொழில்நுட்பம் படித்தால் வேலை நிச்சயம் என்கிறாய். நான் சேர்ந்தபோது கண்ட்ரோல் ரூமில் ஒரு ஷிப்டுக்குப் பதினொரு பேர். இப்போது இரண்டு பேர். மற்றதைத் திரை பார்த்துக்கொள்கிறது. என்னோடு சேர்ந்தவர்களில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மெஷினை அளக்க மெஷின் வந்துவிட்டது. அளந்ததை மனிதருக்கு விளங்கச் சொல்லத்தான் ஆள் இல்லை. அதற்குத்தான் வாண்டு உன்னைப் போலப் படிக்கட்டும் என்கிறேன்.

வீட்டிலும் நடந்தது அதுதான். என்ன சரியில்லை என்று நீ கேட்பாய். நான் நிற்பேன். உன்மேல் எனக்குக் கோபம் இருந்ததே இல்லை. நீ பேசிக்கொண்டே இருப்பதைக் கேட்க எனக்குப் பிடிக்கும். அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

பத்து வார்த்தைக்கு மேலேயே இருக்கும் என்று நினைக்கிறேன்.

வாண்டுவின் அப்பா

---

ஜூன் 14, சனி

அன்புள்ள வாண்டு அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு வேளையில் பிரித்தேன். டோக்கன் வாங்க வந்தவர்கள் கண்ணாடியைத் தட்டும்வரை எனக்கு நினைவே இல்லை. பதினைந்து வருஷம் ஒரே கூரைக்குக் கீழே இருந்து இந்த மனிதரை நான் பார்த்ததில்லையே என்று இருந்தது. அழுதேன் என்றும் எழுதிவிடுகிறேன், உங்களுக்கு மறைத்து என்ன ஆகப்போகிறது.

ஆனால் ஒன்றை மறைத்துவிட்டீர்கள். "கிரேன் வெளியே எடுத்தது" என்று எழுதினீர்களே, அந்தக் கிரேனுக்குக் கை காட்டியது யார்? வாண்டு வந்ததும் வராததுமாகச் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள். "அம்மா, அங்க அத்தனை பேர் இருக்காங்க, ஒருத்தரும் பேசல. அப்பா கை மட்டும்தான் பேசுது. மேல கிரேன்ல இருக்கறவரு அப்பா விரலை விட்டுக் கண்ணை எடுக்கல. நாப்பது டன்னும்மா, அப்பா விரல்ல தொங்குது." அதோடு விடவில்லை, கூடத்தின் நடுவில் நின்று நடித்தும் காட்டினாள். ஆள்காட்டி விரலை மேலே நீட்டிச் சின்னதாக வட்டம் போட்டால் மேலே எடு. அந்த விரலுக்கு மேல் இன்னொரு கையை அசையாமல் பிடித்தால் மெல்ல, மெல்ல.

இனி சண்டை. நேற்றுக் கல்லூரியிலிருந்து போன். அலுவலகப் பெண் சிரிப்பை அடக்க முடியாமல் பேசினாள். "மேடம், ஒரே பொண்ணு பேர்ல ரெண்டு அப்ளிகேஷன் வந்திருக்கு. அம்மா கையெழுத்துப் போட்டது டெக்னிக்கல், அப்பா கையெழுத்துப் போட்டது ஆர்ட்ஸ். ஃபார்ம்ல பார்த்தா அம்மா படிச்சது ஆர்ட்ஸ், அப்பா படிச்சது டெக்னிக்கல்! இப்படி ஒரு குடும்பத்தை நாங்க பார்த்ததே இல்லை."

எனக்குத் தெரியாமல் விண்ணப்பம் போட்டீர்களா என்று உங்களைக் கேட்க எனக்கு வாய் இல்லை. நானும் உங்களுக்குத் தெரியாமல்தான் போட்டேன். இரண்டிலும் வாண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறாள். ஏண்டி என்றால், "அம்மாகிட்ட சொல்லாதன்னு அப்பா சொன்னாரு, அப்பாகிட்ட சொல்லாதன்னு நீ சொன்ன. நான் யார்கிட்டயும் சொல்லல" என்று சாதாரணமாகச் சொல்கிறாள்.

வரும் புதன்கிழமை காலை பத்து மணிக்கு இரண்டு நேர்முகத் தேர்வும். ஒரே மாடி, எதிரெதிர் அறை. ஒன்றுக்குத்தான் போக முடியும். பெற்றோர் வர வேண்டுமாம்.

உங்கள்
வாண்டு அம்மா

---

ஜூன் 15, ஞாயிறு

அன்புள்ள வாண்டு அம்மாவுக்கு,

வருகிறேன்.

குறிப்பேட்டில் வாண்டு சொன்ன இருமலையே வைத்து எழுதினேன்: "சீரான ஒலியின் நடுவே, சுமார் நாற்பது விநாடிக்கு ஒருமுறை, இருமல் போன்ற ஒரு தடை." மேலதிகாரி படித்தார். எப்படி என்று கேட்கவில்லை. உடனே ஆளை அனுப்பினார். எண்ணெய்க் குழாயைப் பிடித்திருக்கும் பட்டையில் ஒரு போல்ட் தளர்ந்திருந்தது. சின்ன வேலை, பத்து நிமிஷத்தில் முடிந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் நான் எழுதியது ஒன்றைப் படித்துவிட்டு ஒருவர் எழுந்து ஓடியது இதுதான் முதல் தடவை.

நீ மறைத்ததையும் அவள் சொன்னாள். உன் கவுண்டரில் அவள் உட்கார்ந்திருந்த அன்று, வயிறு சரியில்லை என்று ஓர் அம்மாள் வந்தார்களாம். பக்கத்துக் கவுண்டரில் வயிற்றுப் பிரிவுக்கு டோக்கன் கிழிக்கப் போனார்களாம். நீ தடுத்து, எப்போது ஆரம்பித்தது, அதற்கு முன்னால் என்ன செய்துகொண்டிருந்தீர்கள், அதற்கும் முன்னால், என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, மாடி ஏறும்போதெல்லாம் தாடை வலிக்கிறது என்பதை வாங்கிவிட்டு, மூன்று வரி எழுதி இதயப் பிரிவுக்கு அனுப்பினாயாம். டாக்டரே இறங்கி வந்து யார் எழுதியது என்று கேட்டாராம். "அம்மா டோக்கன் குடுக்கல அப்பா. வந்தவங்களோட கதையை ஆரம்பத்துலேர்ந்து எடுக்கறாங்க" என்றாள். நீ படித்த வரலாறு இதுதானா? பிரமித்துவிட்டேன். அந்தப் பதினான்கு இடத்துக்காரர்களும் மடையர்கள்.

புதன்கிழமை பேசுகிறேன்.

உன்
வாண்டு அப்பா

---

ஜூன் 28, சனி

அன்புள்ள வாண்டு அப்பாவுக்கு,

பேசுகிறேன் என்றீர்கள். பேசினீர்களா? சலவைச் சட்டையோடு வந்து, பெஞ்சின் அந்த முனையில் உட்கார்ந்து, "பஸ் சீக்கிரம் கிடைச்சுது" என்றீர்கள். அதற்குப் பிறகு நாற்பது நிமிஷம் வாய் திறக்கவில்லை. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஏனோ வரவில்லை.

வாண்டு இரண்டு கதவுகளுக்கும் நடுவில் நின்று நம்மைத் திரும்பிப் பார்த்தாளே, அப்போது நான் என் கதவைக் காட்டக் கையைத் தூக்கினேன். நீங்கள் உங்கள் கதவைக் காட்டவில்லை. எழுந்து நின்றீர்கள். ஆள்காட்டி விரல் மேலே, சின்ன வட்டம். அதற்கு மேல் இன்னொரு கை, அசையாமல். மெல்ல, மெல்ல. எந்தக் கதவு என்று சொல்லவே இல்லை. அவள் உங்கள் விரலைப் பார்த்தாள், அவள் முகத்தில் பயம் போய்விட்டது. நான் கையை இறக்கிக்கொண்டேன். நடைவழியில் யாரோ ஓர் ஆள் விரலால் வட்டம் போடுகிறார் என்று மற்றப் பெற்றோர் பார்த்தார்கள். இவர் என் வீட்டுக்காரர் என்று எல்லோரிடமும் சொல்ல வேண்டும்போல இருந்தது.

தொழில்நுட்ப அறைக்குள் போனாள். ஜன்னல் திறந்திருந்தது, உங்களுக்கும் கேட்டிருக்கும். "ஆர்ட்ஸுக்கும் போட்டிருக்கியே, ஏன் இங்க வந்தே?" என்றார்கள். "அப்பா சொன்ன படிப்பு எங்க அம்மாகிட்ட வீட்டுலயே கிடைக்கும் சார். பதினேழு வருஷமா படிச்சிட்டுதான் இருக்கேன். அம்மா சொன்ன படிப்புக்குத்தான் காலேஜ் வேணும்" என்றாள். உள்ளே ஒருவரும் சிரிக்கவில்லை. எனக்கு அந்த நடு நாற்காலிக்காரர் ஞாபகம் வந்தார். அதோடு அவரைத் தொலைத்துவிட்டேன்.

நான் கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் நான் சம்பளத்துக்காகக் கேட்டேன். அவள் அந்த மெஷினின் சத்தத்துக்காகப் போகிறாள்.

ஜூலை ஐந்தாம் தேதி விடுதியில் சேர்கிறாள். ஆக நம் தபால்காரிக்கு இதுதான் கடைசி நடை. இனி என் கடிதம் உங்களிடம் எப்படி வரும், உங்களுடையது என்னிடம் எப்படி வரும் என்று நேற்று முழுக்க யோசித்தேன். தபால் தலை ஒட்டலாம். போன் இருக்கிறது. எனக்கு இரண்டிலும் இஷ்டம் இல்லை.

என்ன செய்வது என்று எழுதி அனுப்புங்கள்.

உங்கள்
வாண்டு அம்மா

---

ஜூலை 6, ஞாயிறு

அன்புள்ளவளுக்கு,

போன வாரம் வாண்டுவை வெறுங்கையோடு அனுப்பினேன். பை காலியாக இருப்பதைப் பார்த்து நீ என்ன நினைத்திருப்பாய் என்று தெரியும். எழுத ஒன்றும் இல்லாமல் இல்லை. அதை அவள் கையில் கொடுக்க விருப்பம் இல்லை.

இதைப் பஸ்ஸில் எழுதுகிறேன், எழுத்து ஆடுகிறது, பொறுத்துக்கொள். பதினெட்டு நிறுத்தம். உன் வீட்டு வாசலில் மணியை அடித்து, நீ கதவைத் திறந்ததும் இந்தத் தாளை நீட்டுவேன். பெஞ்சில் உட்கார்ந்ததைப் போல அங்கேயும் வாய் அடைத்துக்கொள்ளும், அது எனக்குத் தெரியும். அதனால்தான் இந்தத் தாள். நீ படித்து முடிக்கும்வரை அசையாமல் நிற்பேன், அது எனக்குப் பழக்கம்.

முடித்ததும் என் முகத்தைப் பார். இனி என்ன செய்வது என்று கேட்டாயே, அதற்குச் சொல்ல வேண்டிய ஒரு வாக்கியத்தை நேற்றிலிருந்து தயார் செய்து வைத்திருக்கிறேன். ஓடுகிற மெஷின் பக்கத்தில் நின்று நாலைந்து தடவை சத்தமாகச் சொல்லியும் பார்த்துவிட்டேன், யாருக்கும் கேட்கவில்லை.

அதை இதில் எழுத மாட்டேன்.