சூரியன் உதிக்காத இடத்தில் உன் திதி

என் அன்புத் தம்பி சிவநேசா,

நேற்று உன் முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்தது. கிங்ஸ்பரி மண்டபத்தில் எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டார்கள். வாசலில் உன் கல்வெட்டைக் கையில் கொடுத்தார்கள். உன் படம் போட்ட அந்த நினைவுப் புத்தகத்தில், நீ இலண்டன் மாநகரில் மாரடைப்பால் சிவபதம் அடைந்ததாக அச்சாகியிருக்கிறது. நீ செத்தது வடதுருவத்துக்குக் கிட்ட, ஸ்பிட்ஸ்பேர்கனில், ஒரு பனிமலைச் சரிவில். அது தெரிந்த நானும் அக்காவும் அத்தானும் ஒரே வரிசையில் இருந்து சாப்பிட்டோம்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து ஒரு கதிரையில் இருக்க முடியவில்லை. எழுந்து நடக்கிறேன். ஜன்னலைத் திறக்கிறேன், மூடுகிறேன்.

தமிழ் படித்தவன் என்று கல்வெட்டுப் பொறுப்பை அத்தான் முதலில் எனக்குத்தான் தந்தார். மனைவி மக்கள் இல்லாத உனக்கு, அக்காவைக் கட்டிய அவர்தானே குடும்பப் பெரியவர். திதி வெண்பாவையும் நீரே பாடும் என்றார். இறந்த நாளின் திதியைச் சொல்லும் அந்த வெண்பா இல்லாமல் எங்கள் ஆட்களுக்குக் கல்வெட்டு ஏது? திதி கேட்க ஐயருக்குத் தொலைபேசி எடுத்தேன். உதயத்தை வைத்துத்தான் திதி கணிப்பது, எந்த இடம், அங்கே சூரிய உதயம் எத்தனை மணி என்று கேட்டார். இந்த மாதங்களில் அங்கே சூரியன் மறைவதில்லை, ஆகையால் உதிப்பதும் இல்லை என்றேன். மறுமுனையில் பஞ்சாங்கத் தாள்கள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு, வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கோ என்று வைத்துவிட்டார்.

"லண்டன் உதயத்தைப் போடும்," என்றார் அத்தான். "இடத்தையும் லண்டன் எண்டே போடும். ஊரில சனம் மரத்துக்குக் கீழ படுக்குது. இவர் கப்பலேறிப் போய்ப் பனியில சறுக்கினவர் எண்டு அம்மாவுக்கு எழுத ஏலுமே?"

வெறும் பொய்யனின் பேச்சாக இருந்திருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். சண்டையால் ஊரே இடம்பெயர்ந்ததற்கு அடுத்த வருஷம் இது. எங்கள் அம்மா கிளிநொச்சியில் யாரோ ஒருவருடைய கொட்டிலில் இருக்கிறா. ஆனாலும் எழுத மாட்டேன் என்றேன். அத்தான் வேறொருவரைப் பிடித்தார்.

உன்னைக் கூட்டிப்போன நோர்வே வழிகாட்டி உன் தகனத்துக்கு வந்திருந்தான். அத்தான் அவனைச் சபைக்கு, "ஒஃபீஸில தம்பியோட வேலை செய்யிற ஆள்" என்று அறிமுகப்படுத்தினார். தமிழ் விளங்காமல் அவனும் பணிவாகத் தலையாட்டினான். அவனை வெளியே கூட்டிச்சென்று எல்லாவற்றையும் கேட்டேன்.

பழைய ரஷ்ய ஆராய்ச்சிக் கப்பலாம். ரப்பர் படகில் கரையிறங்கி, பின்னுக்கு வழுக்காதபடி பனிச்சறுக்குப் பலகையின் அடியில் துணிப்பட்டை ஒட்டி, மணிக்கணக்காக மேலே ஏறுவீர்களாம். உச்சியில் பட்டையை உரித்துவிட்டுச் சறுக்கி இறங்குவீர்களாம். நீ மோர்மிளகாய் கொண்டுபோய்ச் சூப்போடு கடிக்கக் கொடுத்தாயாம். அவன் ஒன்றைத் தின்றுவிட்டுப் பனியை அள்ளி வாயில் போட்டானாம். சொல்லும்போது சிரித்தான், பிறகு அழுதான். கடைசி நாளில் உச்சியில் நின்று, கப்பலுக்குத் திரும்புமுன் இன்னும் ஒருமுறை ஏறலாமா என்று கேட்டாயாம். இறங்கும்போது சரிவு உடைந்து உன்னை மூடியது. தோண்டி எடுக்கையில் மூச்சில்லை.

உன்மேலும் எனக்குக் கோபம்தான். எண்பதுகளில் உயிரைக் காக்க ஓடிவந்தவன், அடுத்த மாரியிலேயே ஸ்கொட்லாந்தில் சறுக்கப் பழகினாய். போதாதென்று துருவம் வரை ஏன் போனாய்? அல்லது, ஊர் எரிகிற வரைக்கும் எங்களில் ஒருவன் மகிழ்ச்சியாக இருப்பதே குற்றமா?

இல்ஃபோர்டில் ஒருவர் வெள்ளிக்கிழமை கொழும்புக்குப் புறப்படுகிறார். அம்மாவுக்குரிய கல்வெட்டு அவரிடம் இருக்கிறது; அங்கிருந்து ஆள் பிடித்துக் கிளிநொச்சிக்கு அனுப்புவார். நாளை என் கடிதத்தையும் அவர் கையில் கொடுப்பேன். உங்கள் மகன் தன் விருப்பத்தோடு ஏறினான், இறங்கும்போது பனி மூடியது என்று எழுதுவேன். அம்மா ஏசுவா. விளையாடப் போய்ச் செத்தானா என்று கேட்பா. கேட்கட்டும். பொய்யான சாவுக்கு அவவை அழவைக்க எவருக்கும் உரிமை இல்லை. எந்த நாளில் உனக்கு விளக்கேற்றுவது என்பதையும் அவவே சொல்லட்டும். அவ சொல்லும் நாளே உன் திதி. நான் இருக்கும்வரை அதை மாற்ற விடமாட்டேன்.

உன்னோடு ஒரே வயிற்றில் பிறந்த,
அண்ணை