சட்டையில் இருந்த ஸ்பிரிட் வாசம்

அன்பு அப்பாவுக்கு,

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். எனக்குச் சாதகமாக எதையும் மாற்ற மாட்டேன். சாணார்பட்டிப் பால் சொசைட்டியில், நீங்கள் பால் சோதித்த அதே மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் இறந்தபின் அந்த வேலை அம்மாவுக்கு. சாயங்கால வண்டி போய்விட்டது. அம்மா கேன் கழுவுகிறாள். இரண்டு பேருக்குமே அசதி.

ஒன்பதாம் வகுப்பில், பெற்றோர் கூட்டத்துக்கு முந்தின நாள். உங்கள் நாக்குக் குழறியது, கையில் பலமில்லை, சட்டையில் சாராய வாசம். ஊரும் அப்படித்தான் பேசியது. "குடிச்சிட்டு ஸ்கூலுக்கு வராதீங்க" என்றேன். "ஸ்பிரிட்டுத்தா... கை..." என்று ஆரம்பித்தீர்கள். அந்தக் குழறலையே சாட்சியாக எடுத்துக்கொண்டேன். நீங்கள் வரவில்லை.

மதுரை டாக்டர் நரம்பு நோய் என்று சொன்னபோதுதான் புரிந்தது: பாலைச் சோதிக்கும் ஸ்பிரிட், பிடி நழுவிச் சட்டையில் கொட்டியிருக்கிறது. அப்போதும் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. ஏன் அப்பா?

இப்போது பதினொன்றாம் வகுப்பு. கிடைத்ததையெல்லாம் படிக்கிறேன். பாலில் புரதத் துகள்கள் ஒரே வகை மின்னூட்டத்தால் ஒன்றையொன்று தள்ளி விலகி நிற்கின்றன. பால் புளித்தால் அந்த மின்னூட்டம் குறையும். அப்படிப்பட்ட பால் ஸ்பிரிட் பட்டதும் திரியும்; நல்ல பால் திரியாது. நரம்புச் செல்லுக்குள்ளும் சில புரதங்கள் துளித்துளியாகக் கூடி, பிறகு கலையுமாம். கூடுவதிலும் கலைவதிலும் மின்னூட்டத்துக்குப் பெரிய பங்கு. அது மாறினால் சில துளிகள் கலையாமல் கெட்டியாகிவிடலாமாம். உங்களுக்கு நடந்தது அதுதானா? உறுதியாகச் சொல்ல யாருக்கும் இன்னும் தெரியவில்லை.

இன்று பால் ஊற்ற வந்த கருப்பையா மாமா, நான் ஸ்பிரிட் பாட்டிலை எடுத்ததும், "என்னத்தா, ஒங்கப்பன் மாதிரி மோந்து பாக்குறியா?" என்று சிரித்தார்.

"எங்கப்பா குடிச்சதே இல்ல மாமா. கை நழுவிச் சட்டையில கொட்டுன ஸ்பிரிட்டு அது. நோவுல பேச்சு குழறுச்சு. நானுந்தேன் தப்பா நெனச்சு ஏசிட்டேன்."

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "நெசமாவா? அந்த மனுசன அம்புட்டுப் பேசிட்டமே" என்று கேனைக் கீழே வைத்தார் மாமா. அம்மா என்னிடமிருந்து பாட்டிலை வாங்கி, நிமிராமல் அவர் பாலில் ஸ்பிரிட் விட்டாள். திரியவில்லை. "நல்லாருக்கு, ஊத்துங்கண்ணே" என்றாள்.

நாளைக் காலை வரிசையிலும் சொல்வேன் அப்பா. கேட்காதவர்களிடமும் சொல்வேன், என் தப்பையும் சேர்த்தே.

"செத்த நேரம்னு சொல்லி எம்புட்டு நேரந்தா எழுதுவ? வா, பூட்டணும்." அம்மா லைட்டை அணைக்கப் போகிறாள்.

உங்களைப் பள்ளிக்கு வரவிடாத உங்கள் மகள்,
செல்வி