இடது மட்கார்டில் நுரை

3 மார்ச் 2009, செவ்வாய். பிசெர்த்

விடிகாலையில் என் கணவர் லம்ஜெத் மீன்பிடிக்கக் கடலுக்குப் போய்விட்டார். படகு திரும்பப் பத்துப் பன்னிரண்டு நாளாகும். போகும்போது வழக்கமான உபதேசம்: "பதினெட்டு வருஷமா இந்த வண்டிய ஓட்டுறேன் தலெந்தா. ஒரு கீறல் உண்டா பாரு. நான் கடல்ல நிம்மதியா இருக்கணும்னா சாவி ஆணியிலயே தொங்கணும்."

நான் லைசன்ஸ் வாங்கி ஒன்றரை வருடம். தையல் ஆலைக்கு இரண்டு பஸ் மாறிப் போகிறேன். அவருடைய பிஜோ கார் வாசலில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு தூங்குகிறது. இந்த வீட்டில் செல்லமாக வளர்வது அதுதான்.

இன்று பார்த்து காஸ் தீர்ந்துவிட்டது. சிலிண்டரை யார் தலையில் சுமப்பது? சாவி ஆணியில் தொங்கியது.

எடுத்தேன்.

அதே நாள், மாலை

மீன் சந்தைக்குப் பின்னால் ரிவர்ஸ் எடுக்கும்போது — அந்தக் கல்தூணை யார் அங்கே நட்டது? இடது பின் மட்கார்டு உள்ளே போய்விட்டது. ஒடுக்கு என்பது சின்ன வார்த்தை. ஒரு தர்பூசணியை உட்கார வைக்கலாம்.

சிலிண்டர் பத்திரமாக இருக்கிறது.

4 மார்ச்

ஒடுக்கு எடுப்பதில் இந்தப் பக்கம் ஷெத்லியை மிஞ்ச ஆளில்லை. ஆனால் அவர் லம்ஜெத்தோடு சீட்டாடுகிறவர். அவரிடம் காட்டுவதும், படகுக்கு ரேடியோவில் சொல்வதும் ஒன்றுதான்.

சாமான் கடையில் ஜன்னல் சட்டத்தைச் சுற்றி அடிக்கிற நுரை டப்பா அடுக்கியிருந்தது. அடித்தால் உப்பும், காய்ந்தால் இறுகும், பிறகு அறுக்கலாம், தேய்க்கலாமாம். எனக்கு வேறென்ன வேண்டும்?

"எவ்ளோ பெரிய ஜன்னல்மா?"

"பெரிய ஜன்னல்."

"ஒரு டப்பா போதும்."

இரண்டு வாங்கினேன்.

5 மார்ச்

ஆலையிலிருந்து வந்ததும் பள்ளத்தை உரசிச் சுத்தம் செய்து, தண்ணீர் தெளித்து, அடித்தேன். ஒரு டப்பா போதாது போலத் தெரிந்தது. இரண்டாவதையும் அடித்தேன். வெண்ணெய் மாதிரி அழகாக உட்கார்ந்தது. மனசு லேசாகிவிட்டது. நுரை காயட்டும் என்று தார்ப்பாய் போர்த்தாமல் வந்து படுக்கிறேன்.

6 மார்ச்

வண்டிக்குப் பொன்னுக்கு வீங்கி.

நுரை பொங்கிப் பொங்கி, பின் விளக்கை விழுங்கி, பின்கதவை ஒட்டி, சக்கரத்தின் மேல் தொப்பையாகத் தொங்குகிறது. என் கையுறை ஒன்று உள்ளே எங்கோ இருக்கிறது.

என் தலைமுடியில் பட்ட நுரை எதற்கும் போகவில்லை. கத்தரித்துவிட்டேன்.

7 மார்ச், சனி

எல்லாம் போதாதென்று நஸீஹா வந்தாள். லம்ஜெத்தின் தங்கை. போன பெருநாளில் நான் ஆவியில் வேகவைத்த குஸ்குஸ் ரவையைக் கஞ்சி என்று நாலு பேர் முன்னால் சொன்னவள். அதற்குப் பிறகு இந்த வாசல் மிதிக்கவில்லை. அண்ணன் வலையை வாங்கிப் போக வந்தாளாம். கேட்டைத் திறந்தவள் வண்டியைப் பார்த்தாள். என் தலையைப் பார்த்தாள். திரும்ப வண்டியைப் பார்த்தாள்.

போச்சு, இன்றைக்கே ஊர் முழுக்கத் தெரிந்துவிடும் என்று நினைத்தேன்.

"ரொட்டி அறுக்குற கத்தி எங்க அண்ணி?" என்றாள்.

கல்யாண வீடுகளுக்குப் பாதாம் மாவு இனிப்பில் பழம், மீன், முயல் உருவங்கள் பிடித்துக் கொடுக்கிறவள் அவள். தலைத்துண்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்து, நுரையைச் சீவச் சீவ, உள்ளேயிருந்து மட்கார்டு வந்தது. விளக்கு வந்தது. என் கையுறையும் வந்தது.

"உங்க குஸ்குஸ் இந்த மாதிரி உதிரி உதிரியா வரணும்," என்றாள், துகள்களைக் காட்டி.

எழுந்து போகச் சொல்லியிருக்க வேண்டும். சிரித்துவிட்டேன்.

8 மார்ச், ஞாயிறு

இதை உடனே எழுதிவிட வேண்டும்.

நுரை அடித்த இடது பக்கம் கொஞ்சம் புடைப்பாக இருந்தது. வலது மட்கார்டின் வளைவை அட்டையில் வெட்டி, அதை இங்கே வைத்துப் பார்க்கலாம் என்றாள் நஸீஹா. அட்டையை அழுத்த வலது மட்கார்டின்மேல் சாய்ந்தாள். "தொப்" என்றது. தகரம் "டங்" என்றல்லவா சொல்ல வேண்டும்? விளிம்புக்கு அடியில் கத்தி முனையால் சுரண்டினாள். பெயிண்ட், அதற்குக் கீழே பட்டி, அதற்கும் கீழே —

நுரை. பழுத்து மஞ்சளான நுரை.

பதினெட்டு வருஷமா ஒரு கீறல் இல்லையாம். மூணு வருஷம் முன்னாடி கல்யாண நாளுக்குன்னு புது பெயிண்ட் அடிச்சிட்டு வந்தாரே, அது இதுதானா? அன்னிக்கு நான் அவருக்குக் கணவாய் மீனுக்குள்ள சோறு அடைச்சுச் சமைச்சேன். அவரு வண்டிக்குள்ள நுரைய அடைச்சிட்டு வந்து உக்காந்து சாப்பிட்டாரு. ரெண்டு பஸ்ஸு, மழையில, வெயில்ல. ஏன்?

நஸீஹா சொன்னாள்: "அண்ணன் சின்ன வயசுலயே அப்படித்தான். ஜாடிய உடைச்சிட்டுப் பூனை மேல பழி போடுவான். எங்க வீட்ல பூனையே கிடையாது அண்ணி."

இருவரும் தரையில் உட்கார்ந்து சிரித்தோம். பிறகு நான் கொஞ்சம் அழுதேன். அவள் டீ போட்டுக் கொண்டுவந்தாள்.

12 மார்ச்

துறைமுகத்தில் படகுக்குப் பூசுகிற பிசினும் கண்ணாடி நார் விரிப்பும் கிடைத்தன. நுரைமேல் ஒட்டினோம். அதன்மேல் பட்டி, உப்புத்தாள், மறுபடி பட்டி. தோள் விட்டுப்போகிறது. நாளை பெயிண்ட்.

15 மார்ச், ஞாயிறு

வந்துவிட்டார். பையை இறக்கும் முன்பே வண்டியை ஒரு சுற்று வந்தார். இடது பக்கம் நின்றார். விரல் முட்டியால் தட்டினார். "தொப்."

என்னைப் பார்த்தார். நாலு நாளாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்த பேச்சை விட்டுவிட்டேன். நடந்து வலது பக்கம் போய், நானும் தட்டினேன்.

"தொப்."

இப்போதுதான் பையைக் கீழே இறக்கி வைத்தார்.

"அது ஒரு ஒட்டகம்," என்றார்.

"பிசெர்த்துல ஒட்டகமா?"

"இருட்டுல நின்னுச்சு."

"பூனைதான் இல்லையேண்ணா," என்றாள் சமையலறை வாசலிலிருந்து நஸீஹா.

காது வரை சிவந்துவிட்டது அவருக்கு. இடது மட்கார்டைத் தடவினார். "யாரு பண்ணினது? ஷெத்லியா?"

"நாங்க ரெண்டு பேரும்."

"அவன் வலது பக்கம் பண்ணினதவிட வழுவழுன்னு இருக்கு." படியில் உட்கார்ந்தார். பிறகு, தரையைப் பார்த்துக்கொண்டு, "இடிச்சப்ப உனக்கு எங்கயாவது அடிபட்டுச்சா?"

நான் திட்டுவதற்குத்தான் தயாராக இருந்தேன்.

"கழுத்து கொஞ்சம் வலிச்சுது," என்றேன். "இப்ப இல்ல."

29 மார்ச்

ஆலை வாசலில் வண்டியை நிறுத்த இடம் கிடைப்பதுதான் பாடு. நேற்று நஸீஹாவின் கல்யாணத் தட்டுகளை ஏற்றிப் போனேன். ஒரு முயலுக்கும் காது உடையவில்லை.

நாளை படகு கிளம்புகிறது. சாப்பிடும்போது லம்ஜெத் கேட்டார்: "ஆலைக்குப் போற வழியில என்னைத் துறைமுகத்துல இறக்கி விட்டுடுறியா?"

வழியில் இல்லை. விடுகிறேன் என்றேன்.