ஒரு வாய் மசாலாப் பால்

இன்று சாயங்காலம் லிஃப்டுக்குள் ஏலக்காயும் ஜாதிக்காயும் கலந்த வாசனை. யாரோ மொட்டை மாடிக்குப் பால் பாத்திரத்தைக் கொண்டுபோயிருக்கிறார்கள். கோஜாகிரி பௌர்ணமி என்பது அப்போதுதான் உறைத்தது. ஏழாவது மாடியில் இறங்க வேண்டியவன் திரும்பக் கீழே வந்து வாட்ச்மேன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். நீ போய் மூன்று வருஷம் ஆகிறது. இருபத்தாறு வருஷம் ஒரே வீட்டில் இருந்ததால் உனக்கு ஒரு கடிதம்கூட எழுதியதில்லை நான். இப்போது ஹடப்சரில், நம் மகள் வீட்டு டைனிங் டேபிளில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஃபாக்டரி வேலைக்காக நாம் ஊரை விட்டு நிக்டிக்குக் குடி வந்தபோது உனக்கு மராட்டியில் ஒரு வார்த்தை தெரியாது. நவராத்திரி முடிந்து இந்தக் கோஜாகிரி பௌர்ணமி வந்தது. மொட்டை மாடியில் நம் கட்டடத்து சொசைட்டிக்காரர்கள் எல்லாரும் கூடிப் பதினைந்து லிட்டர் எருமைப் பாலைச் சுண்டக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். நிலா வெளிச்சம் பாலில் விழ வேண்டும், அதன் பிறகுதான் குடிக்க வேண்டும் என்று எல்லாரும் காகூ என்று கூப்பிடும் எதிர்வீட்டு அம்மாள் சைகையில் சொன்னார். நீ பேசாமல் அவர் கையிலிருந்த கரண்டியை வாங்கிக் கிளற ஆரம்பித்தாய். "நம்ம பால் பாயசம்தான், அரிசி போட மறந்துட்டாங்க" என்று என் காதில் சொன்னாய். அன்று முதல் அந்தக் கரண்டி உன்னுடையது. எல்லாரும் குடித்து முடித்ததும் பாத்திரத்தின் அடியைச் சுரண்டித் தின்பதும் உன் உரிமை. அதில் யாருக்கும் பங்கு கிடையாது, எனக்கும்கூட.

பிறகு உன் உடம்பு பெருத்தது, முட்டி போயிற்று, சர்க்கரை வந்தது. லிஃப்ட் இல்லாத கட்டடம், இரண்டாவது மாடியில் இருந்த நம் வீட்டிலிருந்து ஒரு மாடிகூட உன்னால் ஏற முடியவில்லை. ஆறு வருஷம், கோஜாகிரி என்றால் மேலே சிரிப்புச் சத்தம் கேட்கும், நீ கீழே ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாய். வயிற்றைச் சுருக்கும் ஆபரேஷனைப் பற்றி டாக்டர் சொன்னபோது நான்தான் தயங்கினேன். "எனக்கு ஒல்லியாகணும்னு ஆசையில்லைங்க. மாடி ஏறணும், அவ்வளவுதான்" என்றாய். சம்மதம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. முதலில் வெறும் தண்ணீர், பருப்புத் தெளிவு. பிறகு பால். ஆடை எடுத்த, சர்க்கரை போடாத, தண்ணீர் மாதிரியான பால். ஒரு தடவைக்கு முப்பது மில்லி. கால் மணி நேரம் கழித்து இன்னொரு முப்பது. இருமல் மருந்து பாட்டிலோடு வரும் கோடு போட்ட மூடியில்தான் அளந்து கொடுத்தேன். நானோ ஃபாக்டரியில் தரம் பார்க்கும் இன்ஸ்பெக்டர். அளவு ஒரு மயிரிழை பிசகினாலும் பீஸை ஓரம் தள்ளியே பழகிய கை. லீவு போட்டுவிட்டு கடிகாரமும் கையுமாக உன் எதிரில் உட்கார்ந்தேன். "இதைக் குடிக்கறதுக்குப் பால்காரன் தூக்கு கழுவின தண்ணியக் குடிக்கலாம்" என்பாய். "என்னையும் ரிஜெக்ட் பண்ணி ஓரமா வச்சிடுங்களேன்" என்பாய். எனக்குச் சிரிப்பு வரும், ஆனாலும் முப்பதுக்கு மேல் ஒரு சொட்டு விழ விட மாட்டேன். பயம். உன்னைப் பிழைக்க வைப்பது என் கையில்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன், மடையன்.

நாலாவது வாரம் கோஜாகிரி வந்தது. பதினோரு கிலோ குறைந்திருந்தாய். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மாடித் திருப்பத்தில் நின்று நின்று, மேலே போய்ச் சேர்ந்துவிட்டாய். காகூ ஓடிவந்து உன்னைக் கட்டிக்கொண்டு அழுதார். கரண்டியைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார்கள். நீ நாலு சுற்றுச் சுற்றினாய். நிலா ஏறியதும் காகூ முதல் டம்ளரை உன்னிடம்தான் நீட்டினார். "தோடா க்யா நா, வஹினி!" கொஞ்சம் எடுத்துக்கோங்க அண்ணி என்று.

நீ டம்ளரை வாங்கவில்லை. என்னைப் பார்த்தாய். "ஒரே ஒரு வாய்ங்க" என்றாய்.

நான் டம்ளரை வாங்கிப் பக்கத்துச் சுவரில் வைத்தேன். "நஹி, பத்தியம் இருக்கு" என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். பையிலிருந்து ஃபிளாஸ்கை எடுத்து, அந்த மூடியில் முப்பது மில்லி ஊற்றிக் கொடுத்தேன். அத்தனை பேருக்கு நடுவில் ஒரு குழந்தையைப் போல அதை வாங்கிக் குடித்தாய். படியிறங்கும்போது, "அடுத்த வருஷம் ஒரு டம்ளர் முழுசா குடி, யார் கேக்கறாங்க" என்றேன். "சரிங்க" என்றாய். கோபமாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா நீ?

ஒன்பது நாள்தான். காலையில் தலை வாரிக்கொண்டிருந்தவள் மூச்சு விட முடியவில்லை என்றாய். ஆட்டோவில் ஏற்றும்போதே என் மேல் சாய்ந்துவிட்டாய். காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்குப் போய் அடைத்துவிட்டதாம்.

தகனம் முடிந்த மறுநாள் சுடுகாட்டில் பால் ஊற்ற உன் அண்ணன் தூக்கில் பால் கொண்டுவந்தார். நான் ரோட்டைக் கடந்து போய் சர்க்கரை வாங்கிவந்து அதில் கொட்டினேன். "மாப்ள, என்ன பண்றீங்க? இதுல சர்க்கரை போடற வழக்கமில்ல" என்றார். "அவளுக்குப் போட்டுத்தான் பழக்கம்" என்றேன். உன் சாம்பல் மேல் அத்தனையையும் ஊற்றினேன்.

அதோடு விட்டிருக்கலாம். ஒரு மாதம் கழித்து டாக்டரிடம் போய் நின்றேன். அன்று ஒரு வாய் மசாலாப் பால் குடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ஒரு வாயா? ஏக் கூண்ட் சே க்யா ஹோதா ஹை, அங்கிள்? ஒரு வாயில் என்ன ஆகப்போகிறது? ஒன்றும் ஆகியிருக்காது" என்றார். வெளியே வந்து ஸ்கூட்டர் எங்கே நிறுத்தினேன் என்று தெரியாமல் வெகு நேரம் அலைந்தேன்.

எனக்கும் இப்போது சர்க்கரை. மகள்தான் அளந்து வைக்கிறாள். "அப்பா, ரெண்டு கரண்டி ரைஸ்தான். பஸ், போதும்" என்பாள், தன் அரைகுறைத் தமிழில். என் பிடிவாதம் அப்படியே அவளுக்கு வந்திருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளைக்காகக் கேசரி கிண்டினாள். நெய் மணம் வீடு முழுக்க. ஒரு ஸ்பூன் கேட்க நாக்கு துடித்தது, கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பாள். என் மேல் இருக்கிற பாசத்தில்தான் சொல்வாள். நாளைக்கு நான் போய்ச் சேர்ந்த பிறகு, அந்த ஒரு ஸ்பூனை நினைத்து என் மகள் எந்த டாக்டர் வாசலிலும் போய் நிற்கக் கூடாது. அதனால் நான் இந்த வீட்டில் எதையும் கேட்பதில்லை.